காவிரிக் கரையும் கடற்குப்பையும்

ஒகேனக்கல்லுக்கு வந்து செல்லும் அன்பர்கள் அருவியின் அழகைக் கண்டு களிப்பர்; எண்ணெய் தேய்த்து நீராடுவர்; பரிசலில் ஏறிப் பாறைகளினிடையே சுற்றி வருவர்; கரையில் வறுத்து விற்கும் மீனை உண்டு மகிழ்வர். பாறைகளின் பின்புறத்தில் நீர் சுழன்று நிற்கும் மடுக்களை உற்று நோக்குவோர் மிகச் சிலரே. பரிசல் ஓட்டும் தொழிலாளர்களுக்கோ அம்மடுக்கள் நன்கு பழக்கமானவை. ஆற்றில் தவறி விழுந்த துடுப்போ செருப்போ எந்தச் சுழலில் வந்து ஒதுங்கும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிவர். முன்னாளில் அச்சுழல்களில் நுரையும் சருகும் சேர்ந்திருக்கும். இன்று ஷாம்பு உறைகளும், தண்ணீர் பாட்டில்களும், தின்பண்டப் பைகளும், அறுந்த நைலான் வலைகளும் சேர்ந்திருக்கக் காண்கிறோம்.

"ஓடுகிற தண்ணீரில் போட்டால் போய்விடும்" என்பது நம் மக்களிடையே பரவலாக உள்ள எண்ணம். வாழையிலையும் பூமாலையும் மட்டுமே ஆற்றில் விடப்பட்ட காலத்தில் அவ்வெண்ணத்தால் பெருந்தீங்கு விளையவில்லை. அவை அழுகி மண்ணோடு மண்ணாயின. பிளாஸ்டிக் அவ்வாறு அழுகும் இயல்புடையதன்று. அது நம் கண் பார்வையிலிருந்து போகிறதேயன்றி உலகத்தைவிட்டுப் போவதில்லை. அது எங்கே செல்கிறது, அங்கே என்ன விளைவிக்கிறது, அதனைத் தடுத்து நிறுத்த வேண்டிய இடம் எது என்பவற்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்துகொள்ளும்பொருட்டு இக்கட்டுரையை எழுதுகிறோம்.

குப்பை செல்லும் வழி

"நம் தருமபுரி மாவட்டத்திற்குக் கடற்கரையே இல்லை; கடற்குப்பையைப் பற்றி நமக்கென்ன கவலை?" என்று சிலர் வினவலாம். கடற்கரை இல்லையே தவிர, கடலுக்குச் செல்லும் வழி நம்மிடம் இருக்கிறது. அதுவே காவிரி.

ஒகேனக்கல்லைக் கடந்த காவிரி மேட்டூர் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையில் 120 அடி உயரத்திற்குத் தண்ணீரைத் தேக்கலாம். சாதாரண நாட்களில் நம் பகுதிக் குப்பையில் பெரும்பங்கு இத்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. கனமானது வண்டலில் புதைகிறது. இலேசானது கரையோரம் ஒதுங்கி, வெயிலில் காய்ந்து, நொறுங்குகிறது. ஆயினும் பெருவெள்ளக் காலத்தில் நிலைமை மாறிவிடுகிறது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒகேனக்கல்லில் நொடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்ததை நம் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய வெள்ளத்தில் அணையின் மதகுகள் திறக்கப்பட்டு, பவானி, ஈரோடு, கரூர் வழியாக நீர் பாய்ந்து, முக்கொம்பில் பிரிந்து, கொள்ளிடம் வழியே வங்கக் கடலை அடைகிறது. காவிரியின் மற்றொரு கிளை கல்லணையைக் கடந்து பூம்புகாரில் கடலோடு கலக்கிறது. ஆண்டு முழுவதும் கரைகளிலும் ஓடைகளிலும் கிடந்த குப்பையை ஒரே வாரத்தில் துடைத்து எடுத்துச் செல்லும் ஆற்றல் வெள்ளத்திற்கு உண்டு.

எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்றுபோல் மிதப்பதில்லை. விதை நெல்லை உப்புத் தண்ணீரில் இட்டால் திரண்ட மணிகள் அடியில் தங்கப் பதர் மேலே மிதப்பதை விவசாயிகள் அறிவர். அதைப் போலவே, பைகள் செய்யப் பயன்படும் பாலிதீன் தண்ணீரைவிட இலேசானது, ஆதலின் மிதக்கும். தண்ணீர் பாட்டில் செய்யப் பயன்படும் பொருள் தண்ணீரைவிடக் கனமானது. மூடியைத் திறந்து போட்டால் நீர் நிரம்பி மூழ்கிவிடும். மூடி இறுக்கிய பாட்டிலோ உள்ளிருக்கும் காற்றினால் தெப்பம்போல் மிதந்து நெடுந்தூரம் செல்லும். கடல் நீர் உப்பு நீராதலின், அங்கே மிதக்கும் ஆற்றல் இன்னும் சற்று மிகுதி.

கடலுக்குள் ஓடும் ஆறுகள்

கடல் நீர் ஓரிடத்தில் நிற்பதென்று எண்ணுதல் தவறு. கடலின் மேற்பரப்பிலும் ஆறுகளைப் போன்ற நீரோட்டங்கள் உண்டு. இவற்றை இயக்குவது பெரும்பாலும் காற்றே. பூமத்திய ரேகையின் இருமருங்கிலும் உள்ள வெப்ப மண்டலத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. வடக்கிலும் தெற்கிலும் அதற்கு அப்பால் உள்ள மண்டலங்களில் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. இக்காற்றுகள் தள்ளும் நீர் கண்டங்களின் கரைகளில் மோதித் திரும்புவதால், பல்லாயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள வட்டங்களாகக் கடல் சுழல்கிறது. பசிபிக், அட்லாண்டிக் ஆகிய இரு மகாசமுத்திரங்களிலும் வடக்கில் ஒன்றும் தெற்கில் ஒன்றுமாக நான்கும், இந்து மகாசமுத்திரத்தின் தென்பகுதியில் ஒன்றுமாக இத்தகைய பெருஞ்சுழல்கள் ஐந்து உள்ளன.

குப்பை அவற்றின் நடுவில் ஏன் சேர வேண்டும்? பூமி தன் அச்சில் சுழல்வதே இதற்குக் காரணம். அதன் விளைவாக, காற்றினால் தள்ளப்படும் மேற்பரப்பு நீர் காற்று வீசும் திசையிலேயே நேராகச் செல்வதில்லை. பூமியின் வடபாதியில் வலப்புறமாகவும், தென்பாதியில் இடப்புறமாகவும் விலகிச் செல்கிறது. இவ்விலகலால் சுழலின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் நீர் சிறிது சிறிதாக நடுப்பகுதியை நோக்கி நகர்கிறது. அங்கே குவிந்த நீர் மெல்லக் கீழே இறங்கிவிடுகிறது. உடன் வந்த பிளாஸ்டிக் இறங்க இயலாமல் மேலேயே தங்கிவிடுகிறது. ஒகேனக்கல் மடுவில் குப்பை சேர்வது பாறை ஓட்டத்தைத் தடுப்பதால். கடலின் நடுவில் சேர்வது காற்றும் பூமியின் சுழற்சியும் கூடிச் செய்யும் வேலையால். காரணம் வேறாயினும் முடிவு ஒன்றே: நீர் வந்து போகிறது, குப்பை தங்குகிறது.

1997ஆம் ஆண்டில் சார்லஸ் மூர் என்ற அமெரிக்கப் படகோட்டி ஹவாய்த் தீவிலிருந்து கலிபோர்னியாவுக்குத் திரும்பும் வழியில், கரையே காணாத நடுக்கடலில் நாள்தோறும் பிளாஸ்டிக் துண்டுகள் மிதப்பதைக் கண்டு உலகுக்குத் தெரிவித்தார். 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, வட பசிபிக்கிலுள்ள அக்குப்பைப் பரப்பு சுமார் 16 லட்சம் சதுர கிலோமீட்டர் என்றும், அதில் குறைந்தது 79,000 டன் பிளாஸ்டிக் மிதக்கிறதென்றும் மதிப்பிட்டது. நம் தமிழ்நாட்டின் பரப்பைப் போல அது ஏறக்குறைய 12 மடங்காகும். எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது மீன்பிடி வலைகளே என்பதும் அப்போது தெரியவந்தது.

நம் பக்கத்துக் கடல்

வங்கக் கடலும் அரபிக் கடலும் வடக்கே நிலத்தால் அடைபட்டவை. மேலும், இங்கே பருவக்காற்று ஆண்டுக்கு இருமுறை திசை மாறுவதால் நீரோட்டமும் திசை மாறுகிறது. தென்மேற்குப் பருவத்தில் அரபிக் கடல் நீர் இலங்கையின் தென்புறமாகக் கிழக்கு நோக்கி வந்து வங்கக் கடலில் நுழைகிறது. வாடைக் காற்று வீசும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் நம் கிழக்குக் கரையோரமாக நீர் தெற்கு நோக்கி ஓடுகிறது. மாசி, பங்குனியில் வடக்கு நோக்கித் திரும்புகிறது. ஆகவே, பசிபிக்கில் உள்ளதைப் போல் குப்பை ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. அங்குமிங்கும் அலைந்து, பெரும்பகுதி நம் கரைகளிலும் அண்டை நாடுகளின் கரைகளிலும் ஒதுங்குகிறது.

இதனை அண்மையில் நாம் நேரிலேயே கண்டோம். 2025ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் தேதி எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கொச்சிக்கு அருகே கடலில் மூழ்கியது. அதில் பிளாஸ்டிக் பொருள்கள் செய்வதற்கான, பயறு போன்ற சிறு மணிகள் மூட்டை மூட்டையாக இருந்தன. அம்மணிகள் கேரளக் கரையில் ஒதுங்கியதோடு நில்லாமல், கன்னியாகுமரி மாவட்டக் கரைக்கும், சில வாரங்களில் தனுஷ்கோடிக்கும் வந்து சேர்ந்தன. இதற்கு முன்னர், 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற கப்பல் தீப்பற்றியபோது, சுமார் 1,680 டன் மணிகள் கடலில் கொட்டி இலங்கையின் கரைகளை மூடின. கடலுக்கு மாநில எல்லையும் நாட்டு எல்லையும் இல்லை என்பதற்கு இவை சான்றுகளாம்.

இந்து மகாசமுத்திரத்தின் தென்பகுதியை அடைவது அங்குள்ள பெருஞ்சுழலில் சிக்குகிறது. அல்லது வழியிலுள்ள தீவுகளில் ஏறுகிறது. ஆஸ்திரேலியாவுக்கு வடமேற்கே சுமார் 2,100 கிலோமீட்டர் தொலைவில் கோகோஸ் தீவுகள் உள்ளன. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 600 பேரே. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, அத்தீவுகளின் கரைகளில் 238 டன் பிளாஸ்டிக் கிடப்பதாகக் கணக்கிட்டது. அதில் செருப்புகள் மட்டும் பல லட்சம். அத்தனை செருப்புகளையும் அந்த 600 பேர் அணிந்து எறிந்திருக்க முடியாதன்றோ!

உயிர்களுக்கு நேரும் கேடு

பிளாஸ்டிக் பையைத் தின்ற பசுவை வைத்திருந்த விவசாயிக்கு இப்பகுதியை விளக்க வேண்டுவதில்லை. பை செரிப்பதுமில்லை, வெளியேறுவதுமில்லை. வயிற்றில் உருண்டு திரண்டு அடைத்துக்கொள்ள, மாடு தீவனம் எடுக்காமல் நாளுக்கு நாள் மெலிந்து மடிகிறது. கடல்வாழ் உயிர்களுக்கு நேர்வதும் இதுவே. வேறுபாடு யாதெனில், மாட்டைக் காப்பாற்றக் கால்நடை மருத்துவரை அழைக்கலாம், கடலில் அழைப்பாரில்லை.

தமிழகக் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமையின் உணவுகளுள் ஒன்று, கண்ணாடிபோல் ஒளிரும் ஜெல்லி மீன். தண்ணீரில் விரிந்து மிதக்கும் பாலிதீன் பையும் அவ்வாறே தோன்றுவதால், ஆமை அதனை விழுங்கிவிடுகிறது. 2018 நவம்பரில் இந்தோனேசியாவில் கரை ஒதுங்கிய திமிங்கிலம் ஒன்றின் வயிற்றில் சுமார் 6 கிலோ பிளாஸ்டிக் இருந்தது. அதில் 115 குடிநீர்க் கோப்பைகள். 2019 மார்ச்சில் பிலிப்பைன்ஸில் இறந்த மற்றொரு திமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து 40 கிலோ எடுக்கப்பட்டது. கைவிடப்பட்ட நைலான் வலை, மனிதர் எவரும் இழுக்காமலேயே ஆண்டுக்கணக்கில் மீனையும் ஆமையையும் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கும். அம்மீனால் எவருக்கும் வருவாயில்லை, மீனவருக்கு இழப்பே.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து பவளப் பாறைகள் உள்ளன. மீன்குஞ்சுகள் ஒதுங்கி வளரும் இடம் அவை. பவளம் என்பது உயிருள்ள சிற்றுயிர்களின் கூட்டம். ஆசிய பசிபிக் பகுதியில் 159 பவளத் திட்டுகளை ஆராய்ந்த அறிஞர்கள், பிளாஸ்டிக் படாத பவளத்திற்கு நோய் காணும் வாய்ப்பு நூற்றுக்கு 4 என்றும், பிளாஸ்டிக் படிந்ததற்கு நூற்றுக்கு 89 என்றும் 2018ஆம் ஆண்டில் தெரிவித்தனர்.

பிளாஸ்டிக் வெயிலாலும் அலையாலும் நொறுங்கி, 5 மில்லிமீட்டருக்கும் குறைந்த துகள்களாகி, நுண்பிளாஸ்டிக் எனப் பெயர் பெறுகிறது. சிறு மீன் அதனை உண்கிறது. பெரிய மீன் சிறு மீனை உண்கிறது. உப்பிலும் மீனிலும் இத்துகள்கள் காணப்பட்டுள்ளன.

கடலைப் பற்றியே பேசி ஆற்றை மறத்தலும் ஆகாது. நம் பகுதிக் காவிரிக் கரைக்காடுகள் அடங்கிய 686 சதுர கிலோமீட்டர் பரப்பை, 2022ஆம் ஆண்டில் காவிரி தெற்கு வன உயிரின சரணாலயமாக அரசு அறிவித்தது. நீர்நாயும், முதலையும், மென்மையான ஓடுடைய அரிய ஆமையும் இங்கே வாழ்கின்றன. கடலாமைக்கு நேர்வது அவற்றுக்கும் நேரக்கூடும். மேலும், புளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் கெட்ட நம் மாவட்ட மக்களுக்கும், கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்கும், 2013ஆம் ஆண்டு முதல் குடிநீர் தருவது இந்த ஒகேனக்கல் தண்ணீரே. குடிக்கும் கிணற்றில் குப்பையைக் கொட்டுவார் உண்டா?

கடலில் அள்ளிவிட முடியாதா?

இக்கேள்வி இயல்பாக எழும். மேலே கூறிய பசிபிக் குப்பைப் பரப்பைத் தீவுபோல் திடமானதென்று பலர் கருதுகின்றனர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 79,000 டன்னை 16 லட்சம் சதுர கிலோமீட்டரில் பரப்பினால், ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 50 கிலோ வரும். ஏக்கருக்குக் கணக்கிட்டால் சுமார் 200 கிராம். ஓர் ஏக்கர் நிலத்தில் 200 கிராம் நொறுங்கிய பிளாஸ்டிக்கைத் தூவிவிட்டுப் பொறுக்கச் சொன்னால் எத்தனை ஆள் வேண்டும்? அந்நிலம் ஓயாமல் அலைமோதும் கடலாகவும், அதனுள் மீன்குஞ்சுகள் நிறைந்தும் இருந்தால் எப்படி? கப்பல்களைக் கொண்டு வலைகளையும் பெரும் பொருள்களையும் அகற்றும் முயற்சிகள் நடைபெற்றுத்தான் வருகின்றன. அவை பாராட்டத்தக்கவை. எனினும், துகள்களாகச் சிதறியதைத் திரும்பப் பெறுவது அரிது. ஒகேனக்கல் கரையில் அதே 200 கிராமை ஒரு குழந்தை குனிந்து ஒரு நிமிடத்தில் எடுத்துவிடும். ஆகவே, பிளாஸ்டிக்கைத் தடுப்பதற்கு ஏற்ற இடம் கடல் அன்று, கரையே. ஏற்ற காலம் வெள்ளம் வருவதற்கு முன்பே.

நாம் செய்த ஒரு பிழை

இவ்வுண்மையை நூல்களிலிருந்து மட்டும் நாம் கற்கவில்லை. ஓர் ஆண்டு, ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள், பஞ்சாயத்து உறுப்பினர்களும் தூய்மைக் காவலர்களும் இளைஞர்களும் கூடி, நாமும் உடனிருந்து, கரை முழுவதையும் சுத்தம் செய்தோம். மாலைக்குள் கரை பளிச்சென்றாயிற்று. சேர்ந்த மூட்டைகளை டிராக்டர் வரும்வரை இருக்கட்டுமென்று ஆற்றோரத்துப் பள்ளம் ஒன்றில் அடுக்கி வைக்கச் சொன்னோம். டிராக்டர் மறுநாள் வருவதாக இருந்தது. அன்றிரவே நீர்வரத்து உயர்ந்தது. விடியலில் சென்று பார்த்தபோது பள்ளமும் இல்லை, மூட்டையும் இல்லை, ஆறுதான் ஓடிக்கொண்டிருந்தது. சிதறிக் கிடந்திருந்தால் ஒரு பகுதியாவது முட்புதரில் சிக்கியிருக்கும். நாமோ கட்டி வைத்து ஒப்படைத்தது போலாயிற்று.

உடன் வந்திருந்த முதிய பரிசல் தொழிலாளி ஒருவர், "ஐயா, இந்தப் பள்ளத்துக்குத் தண்ணி வரும்னு எங்களைக் கேட்டிருந்தா சொல்லியிருப்போமே" என்றார். அவர் கூறியது முற்றிலும் சரி. ஆற்றை அறிந்தவரைக் கலந்துகொள்ளாமல் திட்டம் வகுத்தது நம் பிழையே. குப்பையைக் கூட்டுவது வேறு. அகற்றுவது வேறு என்பதை அன்று கற்றோம்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கன

1. ஆறும் ஓடையும் உள்ள ஒவ்வொரு கிராமத்திலும் பெருவெள்ளத்தில் நீர் எட்டும் மட்டத்தை முதியோரைக் கேட்டு அறிந்து, அதற்கு மேலேயே குப்பை சேகரிக்கும் இடத்தை அமைத்தல் வேண்டும். பிளாஸ்டிக் கழிவைப் பிரித்துச் சேகரிக்கும் கடமையை 2016ஆம் ஆண்டு விதிகள் கிராம பஞ்சாயத்துகளுக்கும் விதித்துள்ளன.

2. ஓடைகளைத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னதாக ஒருமுறையும், ஐப்பசி மழைக்கு முன்னதாக ஒருமுறையும் சுத்தம் செய்தல் வேண்டும். திருவிழாவுக்குப் பின் செய்யும் வேலையைவிட இதன் பயன் பெரிது. சேர்ந்த குப்பை அன்று மாலையே வண்டி ஏற வேண்டும்.

3. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்துள்ளது. நாடு முழுவதற்குமான தடை 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பரில் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கமும் தொடங்கப்பட்டது. கடைக்காரர்களைக் கிராம சபைக்கு அழைத்து இவற்றை எடுத்துரைத்தல் வேண்டும். நீராடும் துறைகளில் ஷாம்பு உறைகளைப் பெற்றுக்கொள்ள ஒரு கூடை வைத்தாலும் பெரும் பயன் உண்டு.

4. விவசாயிகள் தங்கள் வயலையும் நோக்குதல் வேண்டும். காய்கறிப் பயிருக்கு விரிக்கும் நிலப்போர்வைத் தாள், பழைய சொட்டு நீர்க் குழாய், உரச்சாக்கு, பூச்சிமருந்துப் பாட்டில் ஆகியவை வரப்போரத்தில் கிடந்தால், மழை அவற்றை ஓடையில் சேர்க்கும். அறுவடை முடிந்ததும் தாளை உரித்துச் சுருட்டி ஒப்படைப்பது நிலத்திற்கும் நல்லது. பூச்சிமருந்துப் பாட்டிலை ஆற்றில் கழுவுதல் அறவே கூடாது.

5. மீன் பிடிப்போர் அறுந்த வலையை நீரில் விடாமல் கரைக்குக் கொண்டுவருதல் வேண்டும்.

6. சேர்ந்த பிளாஸ்டிக்கைக் கொளுத்துதல் ஆகாது. அதன் புகை நஞ்சு. மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின்மேல் தூவி உருகவிட்டுத் தாருடன் கலந்து சாலை போடும் முறையைக் கண்டார். அதற்காக 2018ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. நம் மாநிலத்தில் கிராமச் சாலைகளும் இம்முறையில் போடப்பட்டுள்ளன. மகளிர் சுய உதவிக் குழுக்கள் பையைச் சேகரித்துத் துண்டாக்கிக் கொடுத்தால், குப்பை வருவாயாகவும் மாறும்.

"மேலேயுள்ள ஊர்களிலிருந்து ஆற்றில் வரும் குப்பைக்கு நாமா பொறுப்பு?" என்று கிராம சபைகளில் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால் பூம்புகார் மீனவர் நம்மைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டால் நாம் என்ன விடை கூறுவோம்? அவருக்கு நாமே மேலேயுள்ள ஊர். அவர் வலையில் மீனுக்குப் பதிலாகப் பை ஏறும்போது, அதை எறிந்தவர் பெயர் அதில் எழுதியிராது. எழுதியிருந்தால் நம்மில் பலர் தலைகுனிய நேரிடும்.

ஆடி மாதம் புதுப்புனல் வரும்போது அதனைத் தாயென வணங்கி வரவேற்பது நம் மரபு. அவ்வணக்கத்திற்கு முன்னதாக, வைகாசியிலேயே கரையையும் ஓடையையும் துடைத்து வைப்பதை ஒவ்வொரு பஞ்சாயத்தும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டுகிறோம். அதற்கான நாளை அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே குறித்துவிடலாம்.